எந்த நரம்பு அறுந்தது?

பிறகு வந்து படிப்பவர்களுக்காகக் கேள்வியை இங்கே சுருக்கி எழுதிவிடுகிறேன். தம்பிக்கு 24 வயது. அலுமினியம், கண்ணாடிக் கதவு பொருத்தும் கடையில் வேலை. பலகை வழுக்கி, இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் தொடங்கும் இடத்தில் ஆழமாகக் கிழித்துவிட்டது. முதலில் போன இடத்தில் தோலை மட்டும் தைத்து, "நரம்பு கட் ஆகியிருக்கு, பிளாஸ்டிக் சர்ஜனிடம் போங்கள்" என்று அனுப்பியிருக்கிறார்கள். மறுநாள் ஆபரேஷன். இப்போது நான்கு வாரம் ஆகிறது. இரண்டு விரலும் சரியாக மடங்கவில்லை, நுனி மரத்துக் கிடக்கிறது. நீங்கள் கேட்டது நான்கு: கைக்கு ஏன் பிளாஸ்டிக் சர்ஜன், நரம்பு எப்போது சேரும், தழும்பு போகுமா, வேறு டாக்டரிடம் காட்டலாமா. எனக்கு என்னவோ நான்கிலும் ஒரே கவலைதான் தெரிகிறது. ஆபரேஷன் தோற்றுப்போச்சா, தம்பி மறுபடி கண்ணாடி தூக்குவானா என்பதைத்தான் கேட்கிறீர்கள்.

நான் சர்ஜன் இல்லை. கை ஆபரேஷன் ஆனவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட். கோவையில் 19 வருடமாக இதே வேலை. தம்பியின் கையைத் தொட்டுப் பார்க்காமல் அது சரியாக இருக்கிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது, நானும் சொல்லப்போவதில்லை. நான்காவது வாரத்தில் எதை எதிர்பார்க்கலாம், எதைக் கண்டால் ஓட வேண்டும் என்பதை மட்டும் சொல்ல முடியும்.

குழப்பம் முதல் நாளே, அந்த "நரம்பு" என்ற வார்த்தையில் தொடங்கிவிட்டது. நம் பேச்சில் நரம்பு என்றால் மூன்று பொருள். ஊசி போட நர்ஸ் தேடுவதும் நரம்புதான், அது ரத்தக்குழாய். விரல் மரத்துப்போனாலும் நரம்புதான், அது உணர்ச்சியைக் கொண்டுபோகும் உண்மையான நரம்பு. விரல் மடங்காவிட்டாலும் நரம்பு கட் என்போம், அது தசைநாண், டாக்டர்கள் டெண்டன் என்பது. தசை இழுக்கும்போது விரலை மடக்கும் வெள்ளைக் கயிறு அது. இந்த மூன்றும் ஆறும் வேகம் வேறு வேறு. ரத்தக்குழாய் தைத்தது ஓடுகிறதா அடைத்துக்கொண்டதா என்பது சில மணி நேரத்தில், மிஞ்சினால் சில நாளில் தெரிந்துவிடும். தசைநாணுக்கு மூன்று மாதம். நரம்புக்கு பல மாதம், சில சமயம் வருடக்கணக்கு. வாரத்துக்கு இரண்டு பேராவது என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து "நரம்பு இன்னும் சேரல மேடம்" என்பார்கள். எந்த நரம்பு என்று கேட்டால் முழிப்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, யாரும் பிரித்துச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நீங்கள் சொல்லும் இடத்தையும் அறிகுறியையும் வைத்துப் பார்த்தால், தம்பிக்கு தசைநாணும் உணர்ச்சி நரம்பும் சேர்ந்தே அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். உள்ளங்கையின் மேல் ரேகைக்கும் விரலின் நடு எலும்புக்கும் இடைப்பட்ட அந்தப் பகுதி கை மருத்துவத்தில் பேர்போன இடம். ஒவ்வொரு விரலுக்கும் இரண்டு தசைநாண், ஒன்று நடு மூட்டை மடக்க, இன்னொன்று நுனி மூட்டை மடக்க. இரண்டும் ஒரே குறுகலான குழாய்க்குள் ஓடுகின்றன. மேலே இருப்பது பாதி வழியில் இரண்டாகப் பிளந்து, கீழே இருப்பதற்கு நடுவில் வழி விடுகிறது. பாவாடை நாடாவை நினைத்துக்கொள்ளுங்கள். அறுந்த நாடாவை முடிச்சுப் போட்டு ஒட்டலாம், ஆனால் அந்த முடிச்சு மடிப்புக்குள் ஓட வேண்டுமே. தடித்தால் சிக்கும், மெல்லிசாக இருந்தால் பிய்யும். அமெரிக்க கை அறுவை நிபுணர் ஸ்டெர்லிங் பன்னல் இந்தப் பகுதியை "யாருக்கும் சொந்தமில்லாத நிலம்" என்றே அழைத்தார். இங்கே உடனே தைக்காதே, தோலை மட்டும் மூடிவிட்டு பிறகு வேறு இடத்திலிருந்து தசைநாண் எடுத்து ஒட்டவை என்பதுதான் பல காலம் பாடம். 1967இல் அமெரிக்காவின் லூயிவில் நகரத்து சர்ஜன் ஹரால்ட் கிளைனர்ட்டும் சகாக்களும், இங்கேயும் உடனே தைக்கலாம், தைத்த பிறகு சும்மா கட்டி வைக்காமல் கட்டுப்பாட்டோடு அசைக்க வேண்டும் என்று காட்டினார்கள். என் பிழைப்பே அந்த "கட்டுப்பாட்டோடு" என்ற சொல்லில்தான் ஓடுகிறது.

அசைக்கவே இல்லையென்றால் தைத்த இடம் சுற்றியுள்ள குழாயோடு ஒட்டிக்கொள்ளும். அளவுக்கு மீறி அசைத்தால் அறுந்துவிடும். தைத்த முதல் இரண்டு மூன்று வாரத்தில் முனைகள் மென்மையாகி, நூலின் பலத்தில்தான் நிற்கும். அதனால்தான் கையின் முதுகுப் பக்கம் ஸ்ப்ளின்ட் என்ற தாங்குபட்டை போட்டு, மணிக்கட்டையும் விரல் அடி மூட்டையும் ஒரு கோணத்தில் வைத்து, விரல் முழுசாக நிமிராதபடி தடுக்கிறார்கள். பொதுவாக ஆறு வாரம் வரை ஸ்ப்ளின்ட், எட்டு வாரத்துக்கு மேல் லேசான எதிர்விசைப் பயிற்சி, பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகுதான் பாரம். ஒவ்வொரு சர்ஜனும் எத்தனை இழை நூலால் தைத்தார், எவ்வளவு உறுதியாக வந்தது என்பதைப் பொறுத்து ஒரு வாரம் முன்பின் மாற்றுவார். தம்பியின் கணக்கை அவருடைய சர்ஜனிடம்தான் கேட்க வேண்டும், என் கணக்கைக் கொண்டுபோய் அவரிடம் வாதாட வேண்டாம்.

இப்போது தெரிந்திருக்கும், நான்காவது வாரத்தில் விரல் முழுசாக மடங்கவில்லை என்பது தோல்வி அல்ல. முழுசாக மடக்க இன்னும் அனுமதியே கிடைத்திருக்காது. ஆனால் "மடங்கவில்லை" என்பதற்குள்ளும் நான்கு விதம் இருக்கிறது. வீக்கம் இன்னும் வடியாமல் இருக்கலாம், இது மிகச் சாதாரணம். மூட்டே இறுகியிருக்கலாம், அப்படியானால் நான் என் கையால் மடக்கினாலும் மடங்காது. தசைநாண் ஒட்டிக்கொண்டிருக்கலாம். நான் மடக்கினால் மடங்கும், அவராக மடக்கினால் கொஞ்சம்தான் வரும். கடைசியாக, தைத்தது விட்டுப்போயிருக்கலாம், அப்போது நான் மடக்கினால் லகுவாக மடங்கும், அவராக முயன்றால் அந்த மூட்டு அசையவே அசையாது.

ஒட்டிக்கொண்டதையும் விட்டுப்போனதையும் பிரிக்க ஒரு எளிய வழி உண்டு. உங்கள் நல்ல கையைத் தளர்வாக விட்டு மணிக்கட்டைப் புறங்கைப் பக்கமாக வளைத்துப் பாருங்கள். விரல்கள் தாமாகவே உள்நோக்கி மடங்கும், ஆள்காட்டி விரல் குறைவாக, சுண்டு விரல் அதிகமாக. தசைநாண் முழுசாக இருந்தால்தான் இது நடக்கும். தசைநாண் அறுந்த விரல் மட்டும் இந்த வரிசையில் சேராமல் நீட்டிக்கொண்டு நிற்கும். தையல் பிரிக்காமலே, குழந்தை தூங்கும்போதுகூட இதைப் பார்த்துச் சொல்லலாம். ஆனால் தம்பியின் அடிபட்ட கையில் நீங்களாகச் செய்து பார்க்க வேண்டாம். தெரபிஸ்ட் செய்யட்டும். அப்படியும் சந்தேகம் என்றால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் உதவும்.

எனக்கு இதில் ஒரு பழைய வலி இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம், பனியன் கம்பெனியில் வேலை பார்த்த ஒரு பையன். ஐந்தாவது வாரத்தில் விரல் அருமையாக மடங்கியது, என் நோயாளிகளிலேயே அவன்தான் முதல் ரேங்க். அவனைப் பாராட்டினேன், மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். இன்னும் பாரம் தூக்கக்கூடாது என்று அன்றைக்கு மறுபடி சொன்னேனா என்பது இன்றுவரை நினைவில்லை. வீட்டுக்குப் போய், கை நன்றாகிவிட்டது என்ற நம்பிக்கையில் கேஸ் சிலிண்டரைத் தூக்கி மாட்டியிருக்கிறான். "டப்புன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு மேடம், வலிகூட இல்ல" என்றான். வலிக்கவில்லையே என்று பத்து நாள் வீட்டில் இருந்துவிட்டு வந்தான். அதற்குள் அறுந்த முனை உள்ளங்கைக்குள் சுருங்கிப் போயிருந்தது, இரண்டாம் தடவை தைப்பது பெரிய வேலையாகிவிட்டது. நன்றாக மடங்குகிற கைதான் ஆபத்தான கை என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். ஒட்டல் குறைவு என்றால் பிடிமானமும் குறைவு. அதனால் தம்பிக்கு எப்போதாவது திடீரென்று ஒரு சொடக்கு கேட்டு, அதுவரை மடங்கிய மூட்டு நின்றுபோனால், அன்றைக்கே சர்ஜனிடம் போங்கள். வலியை அளவுகோலாக வைக்காதீர்கள். சீழ், காய்ச்சல், விரல் நீலம் பாய்வது, வெளுத்துப்போவது இவையும் அன்றைக்கே காட்ட வேண்டியவை.

சரி, ஒட்டிக்கொண்டது என்றே வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் பயிற்சியிலேயே இளகும், ஆனால் பொறுமை வேண்டும். மூன்று முதல் ஆறு மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் முன்னேற்றம் நின்றுவிட்டால், ஒட்டலை மட்டும் விடுவிக்கும் ஒரு ஆபரேஷன் உண்டு. அதுவும் மூட்டுகள் இளகி, தோல் மென்மையான பிறகுதான். நான்காவது வாரத்தில் "இன்னொரு ஆபரேஷன் செய்துவிடலாம்" என்று யாராவது அவசரப்படுத்தினால், தைத்தது விட்டுவிட்டதா என்று முதலில் கேளுங்கள். இல்லை என்றால் அவசரம் எதற்கு என்று கேளுங்கள்.

அடுத்து மரத்துப்போன நுனி. விரலின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு நரம்பு ஓடுகிறது. அதை மைக்ராஸ்கோப் வைத்து, தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைப்பார்கள். ஆனால் தைத்தவுடன் மின்கம்பி இணைத்ததுபோல் கரண்ட் வந்துவிடாது. வெட்டுக்குக் கீழே உள்ள நரம்பு இழைகள் செத்துவிடும், உறை மட்டும் காலிக் குழாயாக நிற்கும். மேலிருந்து புதிய இழைகள் அந்தக் குழாய்க்குள் இறங்கி வளர வேண்டும். வளரும் வேகம் நாளுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர், அதுவும் தொடங்கவே சில வாரம் பிடிக்கும். தம்பிக்கு வெட்டிலிருந்து விரல் நுனி எட்டு சென்டிமீட்டர் இருக்கும் என்று வைத்தால், மூன்று நான்கு மாதத்துக்கு முன்னால் நுனியில் ஒன்றும் தெரியாது. மணிக்கட்டில் வெட்டுப்பட்டவர்களுக்கு இது ஆறேழு மாதம் இழுக்கும். வளர்கிறதா என்று பார்க்க, நரம்பின் பாதையில் விரலால் தட்டிக்கொண்டே போவோம். எங்கே தட்டும்போது நுனிப்பக்கம் கரண்ட் அடிப்பதுபோல் சுரீரென்கிறதோ, அதுவரை இழை வந்துவிட்டது என்று பொருள். டினெல் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1915இல், முதல் உலகப்போர் காலத்தில் எழுதிவைத்த முறை. மாதா மாதம் அந்த இடம் கீழே இறங்கினால் நல்ல செய்தி. நோயாளிகள் இந்தச் சுரீரைக் கண்டு பயந்து வருவார்கள், நான் சந்தோஷப்படுவேன்.

பெரியவர்களுக்குத் தொடு உணர்ச்சி முழுக்க முழுக்க பழையபடி வருவது அரிது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். சூடு, குளிர், குத்து தெரியும் அளவுக்கு வந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு பையிலிருக்கும் நாணயம் ஒரு ரூபாயா இரண்டு ரூபாயா என்று சொல்லும் நுணுக்கம் குறையலாம். குளிரில் அந்த விரல் வலிப்பதும் பல பேருக்கு நீடிக்கும். குழந்தைகளுக்கு இதைவிட நன்றாகத் திரும்புகிறது. அதுவரை தம்பி செய்யவேண்டியது, மரத்த விரலைக் கண்ணால் காப்பாற்றுவது. சூடான பாத்திரம், பீடி, பைக் சைலன்சர் எதுவும் சுட்ட பிறகுதான் தெரியும். டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்து கொப்புளத்தோடு வந்தவர்கள் என்னிடம் நிறைய. பீடி, சிகரெட் இருந்தால் அதையும் நிறுத்தச் சொல்லுங்கள், புகை விரலின் சிறிய ரத்தக்குழாய்களைச் சுருக்கும்.

பிளாஸ்டிக் சர்ஜன் விஷயத்துக்கு வருகிறேன். பிளாஸ்டிக் வைத்துவிடுவார்களோ என்று பயந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், சிரிக்க வேண்டியதில்லை. வார்த்தை கிரேக்கத்திலிருந்து வந்தது, உருவம் கொடுப்பது, வனைவது என்று பொருள். குயவர் மண்ணை வனைகிற மாதிரி. ஜெர்மன் மருத்துவர் செய்ஸ் இந்தப் பெயரில் கையேடு எழுதியது 1838இல், பேக்லைட் பிளாஸ்டிக் வந்தது 1907இல்தான். கிழிந்த தோல், தசைநாண், நரம்பு, மில்லிமீட்டர் அளவு ரத்தக்குழாய் இவற்றைச் சேர்ப்பது அவர்கள் படிப்பிலேயே இருக்கிறது. கை ஆபரேஷனை எலும்பு டாக்டர்களும் செய்கிறார்கள், தனிப் பயிற்சி பெற்றவராக இருந்தால் இருவரில் யாரானாலும் சரி. ஆனால் தமிழ்நாட்டில் இந்தத் துறை வளர்ந்ததில் பிளாஸ்டிக் சர்ஜன்களின் பங்கு பெரியது. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் கைக்கென்றே தனிப் பிரிவை வளர்த்தெடுத்த பேராசிரியர் ஆர். வெங்கடசாமி ஒரு பிளாஸ்டிக் சர்ஜன். விரல் நுனி சாய்வாக வெட்டுப்பட்டால் பக்கத்துத் தோலை முக்கோணமாக நகர்த்தி மூடும் அவருடைய முறை 1980இல் வெளியானது. அதற்கும் முன்னால், 1940களின் இறுதியில் வேலூரில் பால் பிராண்ட் தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கு தசைநாண் மாற்றிவைத்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அந்த விரல்களுக்கு வேலையைப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. அதனால் எங்கள் தொழிலும் அந்த வராண்டாக்களிலிருந்து வந்ததுதான் என்று கொஞ்சம் பெருமை எங்களுக்கு.

தழும்பு போகாது. பிளாஸ்டிக் சர்ஜன் தைத்தால் தழும்பே இருக்காது என்பது சினிமா. தோல் முழு ஆழத்துக்கு வெட்டுப்பட்டால் யார் தைத்தாலும் கோடு விழும். இரண்டு மூன்றாவது மாதத்தில் சிவந்து தடித்து இன்னும் மோசமாகத் தெரியும், அப்புறம் ஒரு வருடம், ஒன்றரை வருடத்தில் வெளுத்துத் தணியும். புண் முழுசாக ஆறியபின் தேங்காய் எண்ணெய் தொட்டு அழுத்தித் தேய்ப்பது, சிலிக்கான் ஷீட் போடுவது உதவும். எண்ணெயில் மந்திரம் ஒன்றுமில்லை, விரல் உராயாமல் வழுக்கித் தேய்க்கத்தான். கடையில் விற்கும் விலையுயர்ந்த கிரீம்களுக்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

இந்தத் தளத்தில் பட்டறை ஆட்கள் நிறைய இருப்பதால், கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். விரல் துண்டாகிவிட்டால் அந்தத் துண்டை நேராக ஐஸில் போடாதீர்கள், திசு உறைந்து கெட்டுவிடும். சுத்தமான தண்ணீரிலோ சலைனிலோ நனைத்துப் பிழிந்த துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கிக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் தண்ணீர் உள்ள டப்பாவில் வையுங்கள். காயத்தில் காபித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம், சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்தினால் போதும். விரலில் தசை இல்லாததால் இப்படிக் குளிரில் வைத்தது பன்னிரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ தாங்கும், முழங்கையோடு போனால் ஆறு மணி நேரம்தான். 1965இல் ஜப்பானில் கொமாட்சுவும் தமாயும் முழுசாக அறுந்த கட்டைவிரலை முதன்முதலாக ஒட்டவைத்தார்கள். இன்று கோவையிலும் சென்னையிலும் அது வழக்கமாக நடக்கிறது, துண்டு ஒழுங்காக வந்து சேர்ந்தால்.

வேறு டாக்டரிடம் காட்டலாமா என்றால், தாராளமாக. நல்ல சர்ஜன் யாரும் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆனால் வெறும் கையோடு போகாதீர்கள், டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது, ஆபரேஷன் நோட்ஸ் நகலைக் கேட்டு வாங்குங்கள். எந்தெந்த தசைநாண், எந்த நரம்பு, எத்தனை இழைத் தையல், தசைநாண் ஓடும் குழாயின் எந்தப் பகுதி திறக்கப்பட்டது எல்லாம் அதில்தான் இருக்கும். அது இல்லாமல் இன்னொருவர் சொல்வதும் என்னைப்போல் தூரத்திலிருந்து ஊகிப்பதுதான். அதைவிட முக்கியம், தம்பி இப்போது தெரபிக்குப் போகிறானா என்பதை நீங்கள் எழுதவே இல்லை. போகவில்லை என்றால் இன்னொரு சர்ஜனைத் தேடுவதற்கு முன்னால் அதைச் செய்யுங்கள்.

கண்ணாடி தூக்குவானா? மூன்று மாதத்தில் லேசான வேலை, நான்கைந்து மாதத்தில் பழைய வேலை என்று பலர் திரும்பியிருக்கிறார்கள். ஆனால் மரத்த விரலோடு கண்ணாடி விளிம்பைப் பிடிப்பதால், அவனுக்கு வெட்டுத் தாங்கும் கையுறை இனிமேல் கட்டாயம். இது வேலை நேரத்தில் பட்ட காயம் என்பதால் இன்னொன்றும் பாருங்கள். கடையில் இஎஸ்ஐ பிடித்தம் இருந்தால், வேலைக்குப் போகாத நாட்களுக்கு சராசரிக் கூலியில் 90 சதவீதம் கிடைக்கும், விரலில் நிரந்தரக் குறை நின்றால் அதற்குத் தனியாக உதவித்தொகையும் உண்டு. அதற்கு விபத்து நடந்ததை முதலாளி எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். சின்னக் கடைகளில் இதைச் செய்யாமல் விட்டுவிடுவார்கள், நாளைக்கே கேளுங்கள். இஎஸ்ஐ இல்லாத கடை என்றால் சட்டப்படி முதலாளியிடம் இழப்பீடு கேட்க வழி இருக்கிறது, தொழிலாளர் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள்.

ஆபரேஷன் நோட்ஸ் கைக்கு வந்ததும், பெயரையும் நம்பரையும் மறைத்துவிட்டு, எந்தெந்த தசைநாண், எந்த நரம்பு என்பதை மட்டும் இங்கே எழுதுங்கள். அதில் இருப்பது என்னவென்று தமிழில் சொல்கிறேன்.